40981-ஆம் இடத்தில் ஒரு தவறான பெயர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினிக்காக எண் தரும் பொதுத் தரநிலை யூனிகோடு. அதன் அட்டவணையில் 40981 என்ற எண்ணுக்குரிய எழுத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சீனாவின் சிச்சுவான் மாகாணத்து லியாங்ஷான் மலைப்பகுதியில் வாழும் யீ மக்களின் நுவோசு மொழிக்கு உரியது அது. அட்டவணை அதற்கு இட்ட பெயர் 'யீ அசை வூ'. ஆனால் அது அசையே அல்ல. முன்னால் வந்த அசையை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொல்லும் குறி.

அவர்களுக்கு அது அன்றாடத் தேவை. 'வந்தான்' என்பதோடு ஓர் ஆகாரத்தைச் சேர்த்து நாம் 'வந்தானா' என்று கேட்கிறோம். நுவோசு மொழியிலோ பயனிலையின் கடைசி அசையை இரட்டித்தால் கேள்வி பிறந்துவிடும்.

பிமோ என்னும் பூசாரிகள் சுவடிகளில் எழுதிவந்த வடிவங்களிலிருந்து 819 எழுத்துகளைத் தேர்ந்து ஒழுங்குபடுத்தினார்கள். 1980இல் சீன அரசு ஒப்புதல் தந்தது. 1999இல் யூனிகோடு 3.0 அவற்றை ஏற்றது. தலையில் வளைவு இட்டு வேறொரு தொனியைக் காட்டும் 345 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கிடைத்தது. அவற்றோடு இந்தக் குறியும் சேர்ந்து மொத்தம் 1165. தமிழ் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் யூனிகோடில் தனி இடம் கேட்டுக் கிடைக்காமல் அலுத்துப்போன நமக்குக் கொஞ்சம் பொறாமை வரலாம். அந்த வழக்கை இன்று திறக்கவேண்டாம்.

பெயர் தவறென்று தெரிந்தும் ஏன் மாற்றவில்லை? அறிவித்த பெயரை எக்காலத்திலும் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் விதி. நிரல்களும் பிற தரநிலைகளும் அந்தப் பெயரைச் சொல்லியே எழுத்தைச் சுட்டக்கூடும். ஆகவே பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டு, 'யீ அசை மீள்குறி' என்ற திருத்தப் பெயரைப் பக்கத்தில் பதிந்தார்கள். விதி முரட்டுத்தனமானது, ஆனாலும் நான் அதன் பக்கம்தான். யூனிகோடு எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 கோப்பில் இந்தக் குறி 234, 128, 149 என்ற மூன்று பைட்டுகளாகக் கிடக்கிறது. அங்கே பெயருக்கு வேலையே இல்லை. எண் இடம் மாறினால் சேமித்த ஆவணமெல்லாம் பாழ். பெயர் பிழையானால் மனம்தான் நோகும். நோவதும் நியாயமே. நம் ஆய்தத்துக்கே அந்த அட்டவணையில் வடமொழிக் குறி ஒன்றின் பெயரால் 'தமிழ் விசர்க்கம்' என்றுதானே பெயர்!

பெயரைவிடப் பெரிய தொல்லை தேடலில் இருக்கிறது. ஒருவர் அசையை இரண்டு முறை முழுதாக எழுதுகிறார். இன்னொருவர் ஒருமுறை எழுதி மீள்குறி இடுகிறார். படிக்கும்போது இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. குறியை அசையாக விரித்துப் பார்க்கும்படி தேடுபொறிக்குச் சொல்லித்தராவிட்டால் பாதி விடைகள் கண்ணில் படாமலே போகும்.