வாடகை பேட்டரி சைக்கிளை எங்கே நிறுத்துவது?

(திரையில்: மிஷன் வீதி, காலை நேரம்)

என் அப்பா காலத்துப் பாண்டிச்சேரியில் சைக்கிள் வாடகைக்கு எடுக்க ஒரே வழிதான். தெருமுனைக் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் குறித்துக்கொள்வார். மட்கார்டில் பெயிண்டால் எழுதிய நம்பர் இருக்கும். ஓட்டி முடித்ததும் அதே கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும். நிறுத்தவில்லை என்றால் கடைக்காரர் வீடு தேடி வந்துவிடுவார்.

இப்போது உலகின் பல ஊர்களில் ஆப் வழியாக வாடகைக்கு விடும் பேட்டரி சைக்கிளில் அந்தக் கடை வாசல் மட்டும் இல்லை. மொபைலில் ஸ்கேன் செய்தால் பூட்டு திறக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டினால் வாடகை நின்றுவிடும். ஓட்டுபவருக்கு ரொம்ப வசதி. ஆனால் அவர் பூட்டிவிட்டுப் போன இடம் பெரும்பாலும் வேறு ஒருவர் நடந்து போகும் இடம். சில சைக்கிள்கள் 30 கிலோவுக்கும் மேல் எடை. நடைபாதையில் அப்படி ஒன்று சாய்ந்து கிடந்தால் வயதானவரால் நகர்த்த முடியாது. கண் தெரியாதவருக்கு அது அங்கே கிடப்பதே தெரியாது.

(திரையில்: லண்டன் வரைபடம்)

லண்டனில் ஒவ்வொரு பகுதிக்கும் நம் நகராட்சி மாதிரி தனிக் கவுன்சில் உண்டு. அங்கே 2010-இல் வந்த வாடகைத் திட்டத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் கொண்டுபோய்ச் செருக வேண்டும். ஸ்டாண்டு போட இடம் வேண்டும், இடத்துக்கு அனுமதி வேண்டும். அதனால் கட்டுப்பாடு தானாகவே இருந்தது. ஸ்டாண்டே வேண்டாத சைக்கிள்கள் பிறகு வந்தபோது, கவுன்சிலிடம் உரிமம் வாங்கித்தான் தொழில் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இருக்கவில்லை. கவுன்சில்கள் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தன. வழியை மறிக்கும் சைக்கிள்களைச் சில கவுன்சில்கள் அள்ளிக்கொண்டு போயின. பிரெண்ட் கவுன்சில் 2024-இல், இப்படிச் சைக்கிள் வாடகைக்கு விடும் லைம் நிறுவனத்துக்கு அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. சரிசெய்யாவிட்டால் எங்கள் பகுதியில் இடமில்லை என்றது. நிறுவனம் இறங்கி வந்தது, உடன்பாடும் ஆனது.

ஹவுன்ஸ்லோ கவுன்சில் 2025-இல் லைமை விட்டுவிட்டு ஃபாரஸ்ட், வோய் என்ற வேறு இரண்டு நிறுவனங்களுக்கு வாய்ப்புக் கொடுத்தது. அதில் ஒரு சிக்கல். பக்கத்துப் பகுதியில் லைம் எடுத்தவர் ஹவுன்ஸ்லோவுக்குள் வந்து வண்டியை விட முடியாது. எல்லைக்கு அந்தப்பக்கமே விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

பாண்டிக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். புதுச்சேரி நகராட்சி முடிந்தால் உழவர்கரை நகராட்சி. ஈசிஆரில் வடக்கே கொஞ்சம் போனால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. ஆரோவில் போகும் சுற்றுலாக்காரர் எல்லைக் கோட்டைப் பார்த்தா ஓட்டுவார்?

(திரையில்: சிங்கப்பூர் பார்க்கிங் கட்டம்)

எனக்குப் பிடித்த உதாரணம் சிங்கப்பூர். 2018-இல் வாடகை நிறுவனங்கள் உரிமம் வாங்குவதைச் சட்டமாக்கினார்கள். ஜிபிஎஸ் சில மீட்டர் தவறலாம், அதனால் நிறுத்துவதற்குக் கோடு போட்ட கட்டத்துக்கு வெளியே நிற்கும் வண்டியும் உள்ளே நிற்பதுபோல் காட்டும். அதற்குத்தான் நிறுத்தும் இடத்திலேயே ஒரு க்யூஆர் கோடை வைத்தார்கள். அதை ஸ்கேன் செய்யாமல் பயணத்தை முடித்தால் 5 டாலர் கட்ட வேண்டும். ஒரே ஆண்டில் மூன்று முறை இப்படிச் செய்தால், உரிமம் பெற்ற எந்த நிறுவனத்திடமும் கொஞ்ச காலம் வண்டி எடுக்க முடியாது. அந்தக் காலக் கடைக்காரரின் நோட்டு மாதிரியே இருக்கிறது, இல்லையா?

பாரிஸ் இன்னும் கடுமை. நின்றுகொண்டே ஓட்டும் வாடகை மின்சார ஸ்கூட்டர்கள் வேண்டுமா என்று 2023 ஏப்ரலில் மக்களிடமே கேட்டார்கள். வாக்களித்தவர்களில் கிட்டத்தட்ட 89 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்தச் செப்டம்பரிலிருந்து தெருவில் அவை இல்லை. ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் 8 சதவீதம்கூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

(திரையில்: கறுப்பு நம்பர் பிளேட் ஸ்கூட்டர்கள்)

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே வாடகை ஸ்கூட்டருக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும், போக்குவரத்துத் துறை உரிமம் வேண்டும். ஆனால் பேட்டரி சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், எடையும் வரம்புக்குள் இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிப்படி அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவு வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். ஒருவர் சொந்தமாக வைத்து ஓட்டினால் இது நல்ல சலுகைதான். ஆனால் நூறு வண்டிகளை ஒரே நாளில் தெருவில் இறக்கும் நிறுவனத்தையும் போக்குவரத்துத் துறை கேட்க முடியாமல் போகிறது. மிச்சம் இருப்பது நகராட்சிதான்.

நகராட்சியில் கேட்பது யார்? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. அந்தக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக அதிகாரிகளே நகராட்சியை நடத்தி வந்தார்கள். லண்டன்வாசி தன் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டலாம். நமக்குத் தட்டக் கதவில்லை, மனுதான் எழுத வேண்டும்.

இந்த வண்டிகள் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வர வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைச் சாலை நடக்கத் தூரம், ஆட்டோவுக்குக் கிட்டம். அந்தத் தூரத்துக்கு அளவெடுத்துச் செய்த வண்டி இது. ஆனால் வண்டி இறங்கும் முன்பே நிறுத்தும் இடத்தைக் கோடு போட்டுக் குறிக்க வேண்டும். எத்தனை வண்டி என்பதற்கு உச்சவரம்பு வேண்டும். வழியை மறிக்கும் வண்டியை இத்தனை மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் நிறுவனமே அபராதம் கட்ட வேண்டும். ஓட்டியவரிடம் வசூலித்துவிட்டோம் என்று நிறுவனம் ஒதுங்கக் கூடாது. உழவர்கரைக்கும் புதுச்சேரிக்கும் ஒரே விதி இருக்க வேண்டும்.

போன மாதம் அப்பாவுடன் மிஷன் வீதியில் நடந்தேன். நடைபாதையில் வாடகை ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. கைத்தடியோடு அவர் சாலையில் இறங்கினார், பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அப்புறம் அப்பா அந்தப் பக்கம் வருவதில்லை.

நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்கிறது சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி. அடுத்த வீடியோவில் டேப்பை எடுத்துக்கொண்டு மிஷன் வீதி, நேரு வீதி, ரயில் நிலைய வாசல் மூன்றையும் அளக்கப் போகிறேன். சைக்கிளுக்குக் கட்டம் போட எங்கே இடம் மிஞ்சுகிறது என்று பார்ப்போம்.