31 பார்சல்

(சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் மாணவர்களிடம் பேசியது. பேச்சில் இருந்த இழுவையைக் கொஞ்சம் வெட்டி எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என்னை ‘இணையத் தொழில்முனைவோர்’ என்று போட்டிருக்கிறார்கள். வீட்டில் காட்டினேன், சிரித்தார்கள். நான் செய்வது வாட்ஸ்அப்பில் புடவை விற்பது. நெசவு ஊரான இளம்பிள்ளையில் எடுத்துவந்து, திண்ணையில் விரித்து, வெயில் சரியாக விழுகிற நேரம் பார்த்துப் படம் பிடித்து குழுவில் போடுவேன். ‘சிங்கிள்ஸ் அவைலபிள், ஷிப்பிங் ஃப்ரீ.’ 2017-இல் ஆரம்பித்தது. எனக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. பீரோவின் கீழ்த்தட்டுதான் குடோன்.

பேசக் கொடுத்த தலைப்பு ‘தொற்றுநோய்க் காலத்தில் இணைய வணிகத்தின் வளர்ச்சி’. அதில் வளர்ச்சி என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல்.

இந்தத் தலைப்பில் யார் பேசினாலும் சீனக் கதையில் ஆரம்பிப்பார்கள். நானும் அதைச் சொல்லிவிடுகிறேன். 2003-இல் அங்கே சார்ஸ் பரவியது. அலிபாபா என்ற இணைய வணிக நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு நோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஹாங்சோ நகரில் இருந்த ஊழியர்கள் எல்லோரும் வீட்டோடு இருந்து வேலை பார்த்தார்கள். அதே மே மாதம்தான் அவர்களுடைய தாவ்பாவ் விற்பனைத் தளம் திறக்கப்பட்டது. பெய்ஜிங்கில் கணினிச் சாமான் கடைகள் வைத்திருந்த லியூ சியாங்தோங் என்பவர், கடைக்கு ஆள் வராமல் போனதால் இணையத்தில் விற்கத் தொடங்கினார். பின்னாளில் ஜேடி டாட் காம் என்ற பெரிய இணையக் கடை ஆனது அதுதான்.

கதை உண்மைதான். ஆனால் சொல்கிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். வளர்ந்தவர் தளத்தின் சொந்தக்காரர். அதில் சாமான் விற்றவர் எப்படியிருந்தார் என்று யாரும் சொல்வதில்லை. அப்புறம், 2003-இல் நாடு முழுவதையும் பூட்டவில்லை. வாடிக்கையாளர் வெளியே வரப் பயந்தார், பார்சல் வண்டி ஓடியது. 2020-இல் இங்கே நிலைமை வேறு. வாடிக்கையாளர் கையில் போன் இருந்தது, என் பீரோவில் புடவை இருந்தது, நடுவே சாலைதான் இல்லை.

சரி, என் கணக்கைச் சொல்கிறேன். வணிகவியல் பிள்ளைகள், மனதிலேயே போட்டுக்கொள்வீர்கள். புடவை எனக்கு 520 ரூபாய்க்கு வரும். 650-க்குக் கொடுப்பேன். கூரியர் 60, கவரும் டேப்பும் 5. மிச்சம் 65. பார்சல் போய்ச் சேராமல் திரும்பி வந்தால் போக 60, வர 60, கவர் 5, ஆக 125 கைவிட்டுப் போகும். அதாவது ஒன்று திரும்பினால் இரண்டு புடவையின் லாபம் போச்சு. நோய் வருவதற்கு முன்பே கயிற்றின் மேல் நடக்கிற தொழில் இது.

2020 மார்ச் நடுவில் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்காக 180 புடவை எடுத்துவைத்தேன். வளையலை அடகு வைத்து 80,000 ரூபாய் நகைக்கடன், மீதி கையிருப்பு. கல்யாண வீட்டுக்காரர்கள்தான் எனக்குப் பெரிய வாடிக்கையாளர்கள். சொந்தபந்தத்துக்கு வைத்துக்கொடுக்க ஒரே வீட்டில் 30, 40 புடவை எடுப்பார்கள்.

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. திங்கட்கிழமை 31 பார்சல் புக் செய்துவிட்டு வந்தேன். செவ்வாய் மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவிலிருந்து நாடே மூடப்பட்டது. இணைய வணிகத்தில் அத்தியாவசியப் பொருளுக்கு மட்டும் அனுமதி. புடவை அத்தியாவசியமா? மளிகைக்கும் மருந்துக்கும் முன்னால் அதற்கு இடமில்லை என்பது எனக்கும் புரிந்தது. புரிந்தால் வட்டி நிற்குமா?

அந்த 31 பார்சலும் ஏதோ ஒரு குடோனில் மாட்டிக்கொண்டன. டிராக்கிங் எண்ணைத் தட்டினால் ‘இன் டிரான்ஸிட்’. மறுநாளும் இன் டிரான்ஸிட். கிட்டத்தட்ட 50 நாள் அந்த ஒரே வார்த்தைதான். தபால் நிலையம் திறந்திருந்ததே என்பீர்கள். திறந்திருந்தது, ஆனால் தபால் மூட்டைகளில் பெரும்பகுதி பயணிகள் ரயிலில் போகிறவை. அந்த ரயில்கள் நின்றுவிட்டன. சிங்கப்பூரில் எனக்கு நாலைந்து பேர் உண்டு. பன்னாட்டு விமானங்கள் மார்ச் கடைசி வாரத்திலேயே நின்றதால் அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

இதில் ஒரு இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் இது வராது. 31 பேரும் முன்கூட்டியே ஜிபேயில் பணம் போட்டவர்கள். சுமார் 20,000 ரூபாய். அந்தப் பணம் என்னிடம் இல்லை. வந்த அன்றே மொத்த வியாபாரிக்கு அனுப்பிவிட்டேன். அவர் தறிக்காரருக்குக் கொடுத்திருப்பார், தறிக்காரர் நூல்காரருக்கு. எங்கள் வரிசையில் யாரும் சொந்தப் பணத்தில் தொழில் செய்வதில்லை. இன்று வந்த ஆர்டரின் பணத்தில் நேற்றைய சரக்குக்குக் கொடுக்கிறோம். ஆர்டர் வந்துகொண்டே இருக்கும்வரை இது தெரியாது. ஆர்டர் நின்ற மூன்றாவது நாள், ‘அக்கா, பணத்தைத் திருப்பிப் போட்டுடுங்க’ என்று மெசேஜ் வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

9 பேருக்குத் திருப்பிக் கொடுத்தேன். அவசரம் என்று சொன்னவர்களுக்கு மட்டும். மீதிப் பேர் பொறுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா மட்டும் குழுவிலேயே என்னை ‘ஃப்ராடு’ என்று எழுதினார். முகம் தெரியாத ஆளிடம் பணம் போட்டுவிட்டு 20 நாள் காத்திருந்தவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, அதுவும் நிஜம்.

ஏப்ரல் 15-ஆம் தேதி மத்திய அரசு புது வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏப்ரல் 20 முதல் இணைய வணிகம் இயங்கலாம், அத்தியாவசியம் என்ற கட்டு அதில் இல்லை. உடனே ஸ்டேட்டஸ் போட்டேன். நான்கு நாளில் 17 ஆர்டர். 19-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை உத்தரவு மாறியது: அத்தியாவசியமற்ற பொருளுக்கு அனுமதி இல்லை. 17 பேருக்கும் மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். பெரிய தளங்களுக்கும் இதே அடிதான், ஆனால் மன்னிப்புக் கேட்க அவர்களிடம் தனித் துறை இருக்கிறது.

மே 4-இல் பச்சை, ஆரஞ்சு மண்டலங்களுக்கு அனுப்பலாம் என்றார்கள். சிவப்பு மண்டலத்துக்குக் கூடாது. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சென்னை, சென்னை சிவப்பு. மே 18-க்குப் பிறகு கட்டுப்படுத்தப்பட்ட பகுதி தவிர எங்கும் அனுப்பலாம் என்றானது. அப்போதுதான் தகரம் அடித்த தெரு என்றால் என்ன என்று எங்களுக்குப் புரிந்தது. புக் செய்யும்போது தெரு திறந்திருக்கும். பார்சல் போய்ச் சேரும் நாளில் ஒரு வீட்டில் தொற்று வந்து தெருவையே தகரம் வைத்து அடைத்திருப்பார்கள். டெலிவரித் தம்பி என்ன செய்வார்? திருப்பி அனுப்பிவிடுவார். எனக்கு 125 ரூபாய்.

இதற்கு நடுவே சரக்கும் நின்றுவிட்டது. நூலும் சரிகையும் சூரத்திலிருந்து வரவேண்டும். அங்கே வேலை செய்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். கூரியர் திறந்தபோது தறியில் பாவு நூல் இல்லை. இணைய வியாபாரம் என்று பெயர்தான். அதில் இணையம் முன்பக்கத்துக் கண்ணாடி மட்டும். பின்னால் சூரத்து மில், லாரி டிரைவர், பார்சல் ஆபீஸ், தெருமுனைத் தகரம் என்று அத்தனையும் இருக்கிறது. நோய் கண்ணாடியைத் தொடவே இல்லை.

விற்பனை மறுபடி ஆரம்பித்தபோது புடவை போகவில்லை. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். 50 பேர் கல்யாணத்தில் யாருக்கு வைத்துக்கொடுப்பது? வீட்டிலேயே இருக்கிறவர்களுக்கு வேண்டியது நைட்டி. சரி என்று ஈரோட்டிலிருந்து நைட்டி எடுத்தேன். இரண்டு மாதம் என் அடுப்பு எரிந்தது நைட்டியால்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முகக்கவசமும் விற்றேன், துணியில் தைத்தது. அந்த நேரத்தில் எங்கள் குழு ஒன்றில் சானிடைசரை மொத்தமாக வாங்கி வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் இரண்டு சகோதரர்கள் அப்படி 17,700 பாட்டில் வாங்கிக் குவித்தார்கள். அதிக விலைக்கு விற்கிறார்கள் என்று இணையத்தளங்கள் அவர்கள் சரக்கை விற்பனையிலிருந்து நீக்கிவிட்டன. கடைசியில் தானமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. இங்கேயும் மார்ச் 13-லேயே முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருளாக அறிவித்துவிட்டார்கள். 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய்க்கு மேல் கூடாது என்று உச்சவரம்பும் வந்தது. நான் அந்த யோசனையில் சேரவில்லை. நல்ல எண்ணத்தால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கையில் பணம் இல்லை என்பதே காரணம்.

அரசு உதவி செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தது, நான் அதில் வரவில்லை. மே 13-இல் பிணையில்லாத கடன் 3 லட்சம் கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2020 பிப்ரவரி 29 அன்று தொழில் கடன் நிலுவை இருந்தவர்களுக்கு, அந்த நிலுவையில் 20 சதவீதம். என்னுடையது நகைக்கடன், வங்கிக் கணக்கில் நான் இல்லத்தரசி. ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் திட்டம் வந்தது. நல்ல திட்டம். நான் தெருவில் விற்கவில்லை, திண்ணையில் விற்கிறேன். பெரிய தளங்களில் போய் விற்கலாமே என்றார்கள். அப்போது அதற்கு விற்றுமுதல் எவ்வளவு குறைவானாலும் ஜிஎஸ்டி எண் கட்டாயம். மாநிலத்துக்குள்ளேயே விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அதைத் தளர்த்தியது 2023 அக்டோபரில்தான். பதிவு செய்யாதது என் தப்பு என்று உங்கள் பேராசிரியர் சொல்லலாம், அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் மாதம் 80 புடவை விற்கிறவர் ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணத்தையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம் போட்டி. வேலை போனவர், சம்பளம் பாதியானவர், பள்ளி மூடியதால் வீட்டில் இருந்த ஆசிரியை, எல்லோரும் புடவை விற்க வந்துவிட்டார்கள். நான் எடுத்த படத்தையே எனக்கு அனுப்பி ‘வேணுமா சிஸ்?’ என்று ஒருவர் கேட்டார். 65 ரூபாய் லாபம் 30-க்கு இறங்கியது. கோபப்பட முடியவில்லை, 2017-இல் நான் வந்ததும் இப்படித்தானே. வளர்ச்சி என்று வரைபடத்தில் ஏறிப்போகிற கோட்டைக் காட்டுவார்கள். அந்தக் கோட்டுக்குள் இப்படிக் கூட்டமாக நெருக்கியடித்து நின்றோம்.

2021 மே 10-இல் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது எனக்குப் பெரிய அடி இல்லை. இரண்டே மாற்றம்தான் செய்திருந்தேன். முகூர்த்தத்துக்கு முன்கூட்டிச் சரக்கு எடுப்பதை நிறுத்தி, ஆர்டர் வந்த பிறகு எடுத்தேன். லாபம் குறையும், தூக்கம் வரும். இன்னொன்று, பார்சல் கைக்குச் சேரும்வரை வாடிக்கையாளர் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்தேன். மொத்த வியாபாரி முகம் சுளித்தார். இன்றும் சுளிக்கிறார்.

பேசுவதற்கு முன்னால் ஒரு தம்பி கேட்டார், அந்த 31 என்ன ஆனது என்று. 22 பார்சல் மே, ஜூனில் போய்ச் சேர்ந்தன. பணம் திருப்பி வாங்கியவர்களில் நான்கு பேர் புடவை வந்ததும் தாங்களாகவே மறுபடி பணம் போட்டார்கள். 6 பார்சல் திரும்பி வந்தன. 3 காணாமலே போய்விட்டன. கூரியர்காரர்கள் இன்றுவரை அவை வழியில் இருப்பதாகத்தான் சொல்கிறார்கள். அந்த மூன்றில் இருவருக்குப் பணம் கொடுத்துவிட்டேன். மூன்றாவது ஆள் கும்பகோணத்து அம்மா, பணம் வேண்டாம், அந்தப் பச்சைப் புடவைதான் வேண்டும் என்றார். அதே பச்சை அப்புறம் தறியில் வரவேயில்லை. வேறு நிறம் இரண்டு அனுப்பிவிட்டேன், கட்டிக்கொண்டு படமும் போட்டார். ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதுவார்: ‘அந்தப் பச்சை வந்துச்சாம்மா?’