தற்செயலா நடந்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்?

வணக்கம். மாஸ் கம்யூனிகேஷன், ஜர்னலிசம், விளம்பரம், பி.ஆர்.னு படிச்சிட்டு இருக்கற பிள்ளைங்களுக்காக கொஞ்ச நேரம் பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க, ரொம்ப சந்தோஷம். நான் பேசப்போறது புள்ளியியல் பத்தி, அதோட நிகழ்தகவு, ஆய்வு முறைகள் பத்தியும்.

எழுத வரும், பேச வரும், கேமரா பிடிக்க வரும், கணக்கு மட்டும் வராதுன்னு சொல்லிட்டு இந்தப் படிப்புக்கு வர்றவங்க நிறைய பேர், அவங்களுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்னா எப்படியாவது பாஸ் பண்ணிட்டு மறந்துடற சமாச்சாரம். எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு. ஏன்னா வேலைக்குப் போனா உங்க டேபிளுக்கு தினமும் நம்பர் தான் வந்து நிக்கும், இத்தனை சதவீதம் பேர் இப்படி நினைக்கறாங்கன்னு ஒரு பிரஸ் ரிலீஸ் வரும், இந்த விளம்பரம் ஓடினதுல விற்பனை இவ்வளவு ஏறிச்சுன்னு ஒரு ரிப்போர்ட் வரும், அதை அப்படியே செய்தியா போடறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியவர் நீங்க தான். அந்த இடத்துல ஃபார்முலா எதுவும் ஞாபகத்துல இல்லாட்டியும் பரவாயில்ல, ஒரே ஒரு கேள்வி ஞாபகம் இருந்தா போதும். இது சும்மா தற்செயலா நடந்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்? இந்தக் கேள்வியை எந்த நம்பர் கிட்டயும் கேக்கலாம். கேட்டும் பிடிபடாத தப்பு சிலது இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல ஒரு பிரபலமான கதை. இங்கிலாந்துல ராதம்ஸ்டெட்னு ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம், புள்ளியியல் நிபுணர் ரொனால்ட் ஃபிஷர் அங்க வேலை பாத்தவர். மியூரியல் பிரிஸ்டல்ங்கற விஞ்ஞானி, கப்புல பாலை முதல்ல ஊத்தினாங்களா டீயை முதல்ல ஊத்தினாங்களான்னு குடிச்சுப் பாத்தே சொல்லிடுவேன்னு சொல்லியிருக்காங்க. ஃபிஷர் அதை நம்பவும் இல்ல, மறுக்கவும் இல்ல, ஒரு சோதனையா மாத்திட்டார், 1935ல எழுதின புத்தகத்துல ஒரு அத்தியாயமே அந்த சோதனை தான். 8 கப், அதுல 4 பால் முதல்ல, 4 டீ முதல்ல, எந்த வரிசையில குடுக்கறதுங்கறது ரேண்டம், பால் முதல்ல ஊத்தின 4 கப் எதுன்னு பிரிச்சுக் குடுக்கணும். 8ல இருந்து 4 எடுக்க 70 வழி இருக்கு. ஒண்ணுமே தெரியாம கண்ணை மூடிட்டு எடுத்தாலும் நாலும் சரியா அமையறதுக்கு 70ல 1 வாய்ப்பு, அதாவது 1.4 சதவீதம். சரி, நாலுல ஒண்ணு மட்டும் தப்பிடுச்சுன்னா? மூணு சரியா சொல்லிட்டாங்களே, நல்ல மார்க் தானேன்னு தோணும். ஆனா குத்துமதிப்பா எடுக்கறவருக்கே மூணோ அதுக்கு மேலயோ சரியா வர 70ல 17 வாய்ப்பு இருக்கு, கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. அதனால மூணு சரிங்கறது ஒண்ணுத்தையும் நிரூபிக்கல. நீங்க சாஃப்ட்வேர்ல பாக்கற பி வேல்யூங்கறது இவ்வளவு தான், ஒண்ணுமே இல்லாத நிலையில, அதாவது வெறும் தற்செயல்ல, இந்த அளவோ இதுக்கு மேலயோ வர எவ்வளவு வாய்ப்புன்னு சொல்ற எண். என் கருத்து சரியா இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு அது சொல்லல. இதை மாத்திப் புரிஞ்சுக்கறவங்க பேராசிரியர்கள்லயும் உண்டு.

இன்னொரு விஷயம், இது ப்ராஜெக்ட் பண்றவங்க கட்டாயம் கேக்கணும். பி வேல்யூ 0.05க்கு கீழ வந்தா முக்கியமான முடிவுன்னு ஒரு வழக்கம் இருக்கு இல்லையா, ஒரு தொடர்பும் இல்லாத இடத்துலயும் 100க்கு 5 தடவை அப்படி வந்துடும்னு அதுக்கு அர்த்தம். இப்ப ஒரு கேள்வித்தாள் அடிச்சு, வயசு, பாலினம், எவ்வளவு நேரம் போன் பாக்கறாங்க, எந்த சேனல்னு எல்லாத்தையும் எல்லாத்தோடயும் கோத்து 20 டெஸ்ட் ஓட்டறீங்கன்னு வைங்க, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட், எதுலயும் உண்மையான தொடர்பு கிடையாது, அப்படியும் குறைஞ்சது ஒண்ணாவது முக்கியமானதுன்னு வந்து நிக்க 64 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அந்த ஒண்ணை மட்டும் எடுத்து அத்தியாயம் எழுதி மத்த 19ஐ சொல்லாம விட்டா படிக்கறவங்களை ஏமாத்தற மாதிரி தான். எந்தக் கேள்விக்கு பதில் தேடறோம்னு டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடியே எழுதி தேதி போட்டு வைங்க, எத்தனை டெஸ்ட் ஓட்டினீங்கன்னும் சொல்லிடுங்க.

சர்வேக்கு வருவோம். 1000 பேர் கிட்ட கேட்டு கோடிக்கணக்கான பேரைப் பத்தி எப்படி சொல்றாங்கன்னு சந்தேகம் எல்லாருக்கும் வரும். நியாயமான சந்தேகம் தான். பதில் என்னன்னா, ரேண்டமா எடுத்திருந்தா பிழை எவ்வளவுங்கறதை தீர்மானிக்கறது நீங்க கேட்ட ஆட்களோட எண்ணிக்கை, ஊரோட ஜனத்தொகை இல்ல. மனசுலயே கணக்கு போடலாம், 1ஐ ஆட்கள் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுங்க. 100 பேர்னா 10 சதவீதப் புள்ளி, 400 பேர்னா 5, 1000 பேர்னா 3 சொச்சம், கூடவும் குறையவும் போகலாம்னு அர்த்தம், 100 சர்வேயில 95 இந்த எல்லைக்குள்ள விழும். பிழையைப் பாதியா குறைக்கணும்னா ஆளை நாலு மடங்கு சேக்கணும், அதனால தான் பெரிய கம்பெனிங்க கூட ஆயிரம் ரெண்டாயிரத்தோட நிறுத்திக்கறாங்க. இதுல அடிக்கடி நடக்கற தப்பு, 43 சதவீதம் ஒருத்தருக்கு 41 சதவீதம் இன்னொருத்தருக்குன்னு வந்தா முந்திட்டார்னு தலைப்பு போட்டுடறது, 1000 பேர் சர்வேயில அந்த 2 புள்ளி வித்தியாசத்தை வச்சு யார் முன்னாடி இருக்காங்கன்னு சொல்லவே முடியாது. அதே சர்வேயில இளைஞர்களை மட்டும் பிரிச்சுப் பாக்கறதும் ஆபத்து, 1000ல அவங்க 100 பேர் தான் இருப்பாங்க, அந்த நூறு பேருக்கு பிழை 3 இல்ல, 10.

ஆனா இந்தக் கணக்கு எல்லாமே ரேண்டமா எடுத்திருந்தாங்கற ஒரு வார்த்தையில தொங்கிட்டு இருக்கு. எல்லாருக்கும் தேர்வாக வாய்ப்பு இருக்கணும், அந்த வாய்ப்பு எவ்வளவுன்னும் நமக்குத் தெரியணும். இது இல்லாட்டி என்ன ஆகும்கறதுக்கு 1936 அமெரிக்க அதிபர் தேர்தலை விட நல்ல பாடம் இல்ல. லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு வாரப் பத்திரிகை, அதுக்கு முந்தின தேர்தல்ல முடிவை சரியா சொல்லி பெரிய பேரு வாங்கியிருந்தது. இந்த தடவை கிட்டத்தட்ட 1 கோடி பேருக்கு தபால்ல வாக்குச்சீட்டு அனுப்பினாங்க, 23 லட்சத்துக்கு மேல திரும்பி வந்துச்சு. அதை எண்ணி, எதிர்த்து நின்ன ஆல்ஃப் லாண்டனுக்கு 57 சதவீதம், அதிபரா இருந்த ரூஸ்வெல்ட்டுக்கு 43ன்னு சொன்னாங்க. நடந்ததோ ரூஸ்வெல்ட்டுக்கு கிட்டத்தட்ட 61 சதவீதம், 48 மாநிலத்துல 46 அவருக்கு. நாம சொன்ன வர்க்கமூலக் கணக்குப்படி 23 லட்சம் பேருக்கு பிழை 0.1 புள்ளி கூட வராது, வந்ததோ 18 புள்ளி.

காரணம் என்ன? பேரை எடுத்தது டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல், சொந்த சந்தாதாரர் லிஸ்ட்ல இருந்து. பொருளாதார மந்தம் ஓடிட்டு இருந்த காலம், போனும் காரும் வசதியானவங்க கிட்ட தான், ரூஸ்வெல்ட்டுக்கு ஓட்டு போட்ட ஏழை ஜனங்க லிஸ்ட்லயே இல்ல. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதோட நிறுத்திடும். ஆனா பாதிக் கதை தான் அது. ஜார்ஜ் கேலப்னு ஒருத்தர் நடத்தின கருத்துக்கணிப்பு நிறுவனம் 1937ல எடுத்த ஒரு சர்வேயோட டேட்டாவை பெவரில் ஸ்கொயர்ங்கறவர் பின்னாடி எடுத்து 1988ல ஆராய்ஞ்சு பாத்தப்ப, சீட்டு கிடைச்ச எல்லாரும் பதில் போட்டிருந்தாலே ஜெயிக்கப்போறது ரூஸ்வெல்ட்னாவது சரியா வந்திருக்கும்னு தெரிஞ்சது. அதாவது யாருக்கு அனுப்பினாங்கங்கறது எவ்வளவு முக்கியமோ, யார் மெனக்கெட்டு திருப்பி அனுப்பினாங்கங்கறதும் அவ்வளவு முக்கியம். இன்னிக்கு ஆன்லைன்ல லிங்க் போட்டு ஓட்டு கேக்கறோமே, லட்சக்கணக்குல பதில் வருதே, அதுலயும் இதே ஓட்டை தான், தானா வந்து ஓட்டு போடறவர் போடாதவரை மாதிரி இருப்பார்ங்கறதுக்கு எந்த உத்தரவாதமும் இல்ல. ஆளைக் கூட்டினா தற்செயல் பிழை குறையும், கோணலான தேர்வு கோணலாவே இருக்கும். அதே 1936ல சுமார் 50,000 பேரை வச்சு சரியா சொன்ன ஜார்ஜ் கேலப்பும் 1948 அதிபர் தேர்தல்ல தப்பு பண்ணார், ட்ரூமன் தோப்பார்னு சொன்னாங்க, அவர் ஜெயிச்சார். அப்ப இருந்தது கோட்டா முறை, இத்தனை ஆண், இத்தனை பெண்ணுன்னு கணக்கு குடுத்துட்டு, யாரைக் கேக்கறதுங்கறதை பேட்டி எடுக்கறவர் இஷ்டத்துக்கு விட்டுடுவாங்க. ஓட்டு நாளுக்கு ரொம்ப முன்னாடியே சர்வேயை நிறுத்தினதும் ஒரு காரணம்.

இப்ப நம்ம துறைக்கே உரிய ஒண்ணு, உள்ளடக்கப் பகுப்பாய்வு. 100 செய்தி எடுத்து, ரெண்டு பேர் தனித்தனியா உக்காந்து ஒவ்வொண்ணும் எதிர்மறையா இல்லையான்னு குறிக்கறாங்க. 86 செய்தியில ரெண்டு பேரும் ஒண்ணாவே குறிச்சிருக்காங்க, 86 சதவீதம் ஒத்துப்போச்சுன்னு தீசிஸ்ல எழுதிட்டு சந்தோஷமா அடுத்த அத்தியாயம் போயிடுவோம். நம்ம கேள்வியை இங்க கேளுங்க. ரெண்டு பேருமே 100ல 90ஐ எதிர்மறைன்னு குறிச்சிருக்காங்கன்னு வைங்க. செய்தியைப் படிக்காமயே ஆளுக்கு 90 செய்தியை கண்ணை மூடிட்டு எதிர்மறைன்னு டிக் போட்டிருந்தா? ரெண்டு பேரும் எதிர்மறைன்னு ஒத்துப்போறது 0.9 பெருக்கல் 0.9, 81. இல்லன்னு ஒத்துப்போறது 0.1 பெருக்கல் 0.1, அது 1. ஆக 82 சும்மாவே வந்துடும். உழைச்சு சம்பாதிச்சது மிச்சம் 4 தான், சம்பாதிக்க இடம் இருந்தது 18. 4ஐ 18ஆல வகுத்தா 0.22. ஜேக்கப் கோஹன் 1960ல குடுத்த காப்பாங்கற அளவு இது தான். எங்க உதைக்குதுன்னு டேபிளைப் பாத்தா தெரியும், எதிர்மறை இல்லன்னு ஆளுக்கு 10 செய்தி குறிச்சிருக்காங்க, அந்தப் பத்துல ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கறது 3 தான். உங்க ஆய்வே அந்த நல்ல செய்திகளைப் பத்தினதா இருந்தா, உங்க கையில ஒண்ணுமே இல்ல. உள்ளடக்கப் பகுப்பாய்வு ஆய்வாளர் கிரிப்பெண்டார்ஃப், இதே மாதிரி ஒத்துப்போறதை அளக்கற தன்னோட ஆல்பா அளவுக்கு 0.80 இருக்கணும், 0.667க்கு கீழ போனா முடிவு சொல்லக்கூடாதுன்னு சொல்வார். குறைஞ்சா கோட்புக்கை, அதாவது எதை எப்படி குறிக்கணும்கற விதிகளைத் திருத்தி எழுதணும், எதிர்மறைன்னா என்னன்னு உதாரணத்தோட எழுதி, புது செய்திகளை வச்சு மறுபடி பாக்கணும். ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து பேசிப் பேசி குறிச்சு நம்பரை ஏத்தறது கூடாது, அப்புறம் அது ரெண்டு பேரோட தீர்ப்பு இல்ல, ஒரே தீர்ப்பு.

அந்த ஒரு கேள்வி பிடிக்காத தப்பு சிலது இருக்குன்னு சொன்னேன், சாம்பிள் கோணல் அதுல ஒண்ணு. தொடர்பை காரணம்னு எடுத்துக்கறது இன்னொண்ணு. டிவி அதிகம் பாக்கறவங்களுக்கு உலகத்தைப் பத்தி பயம் அதிகம்னு ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் குழு 1970கள்ல சொன்னாங்க. 1979ல டூப், மெக்டொனால்ட்னு ரெண்டு பேர் டொராண்டோவுல அதையே பாத்தாங்க, ஆனா குடியிருக்கற பகுதியில குற்றம் எவ்வளவுங்கறதையும் கணக்குல சேத்தாங்க. சேத்ததும் மொத்தத்துல அந்தத் தொடர்பு நிக்கல. குற்றம் அதிகமான இடத்துல இருக்கறவங்களுக்கு பயமும் அதிகம், டிவி பாக்கறதும் அதிகம். ஆனாலும் குற்றம் அதிகமா இருந்த நகரப் பகுதிக்குள்ள தொடர்பு மிச்சம் இருந்துச்சு, அதை வச்சு கெர்ப்னர் தன்னோட கோட்பாட்டையே திருத்தி வளத்தார். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, ரெண்டு பக்கமும் டேட்டாவை வச்சு தான் பேசினாங்க.

கடைசியா கேள்வியோட வார்த்தை. 1941ல டொனால்ட் ரக் வெளியிட்ட ஒரு சோதனை, ஜனநாயகத்துக்கு எதிரா மேடைப்பேச்சு பேச அனுமதிக்கணுமான்னு கேட்டா கூடாதுன்னு சொன்னவங்க 62 சதவீதம், தடை பண்ணணுமான்னு கேட்டா ஆமாம்னு சொன்னவங்க 46 சதவீதம். 16 புள்ளி வித்தியாசம், கருத்து மாறல, கேள்வி தான் மாறிச்சு. அதனால உங்க கேள்வித்தாள்ல சந்தேகமா இருக்கற கேள்விக்கு ரெண்டு வடிவம் எழுதுங்க, வர்ற ஆட்களை ரேண்டமா ரெண்டா பிரிச்சு பாதிக்கு ஒண்ணு, பாதிக்கு இன்னொண்ணு குடுங்க. கேட்ட கேள்வியை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே பின்னிணைப்புல போடுங்க, எத்தனை பேரை அணுகினீங்க, அதுல எத்தனை பேர் பதில் சொல்லலைங்கறதையும் சேத்துப் போடுங்க. நேரம் ஆயிடுச்சு, இவ்வளவு நேரம் கேட்டதுக்கு நன்றி, வணக்கம்.