கேபிளைப் பிடுங்கிய பிறகும் பாட்டு ஓடுகிறது

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்தார். புதிதாக ஒரு ஸ்ட்ரீமர் வாங்கியிருந்தார். இணையத்திலிருந்து பாட்டை வாங்கி ஆம்பிளிஃபையருக்குக் கொடுக்கும் பெட்டி அது. விலை இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். அதற்கென்றே தனியாக ஒரு லேன் கேபிள், 18,000 ரூபாய். "கேபிளை மாற்றியதும் வீணை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது" என்றார்.

காபி கொடுத்தவரிடம் வாதாடக் கூச்சமாக இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்க் கேபிளைப் பிடுங்கினேன். ஆலாபனை நிற்கவில்லை. ஏழெட்டு வினாடி அது பாட்டுக்கு ஓடி, பிறகுதான் அடங்கியது. "கேபிளே இல்லாத அந்த ஏழெட்டு வினாடி, வீணை எழுந்து போனதா?" என்று கேட்டேன். நண்பர் பதில் சொல்லாமல் மிக்சர் தட்டை நகர்த்தி வைத்தார்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா? மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராகத்தான் விழும். இங்கும் அப்படித்தான். பாட்டு சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. பழுதாக வந்த பொட்டலம் மறுபடி அனுப்பப்படுகிறது. எல்லாம் நினைவகத்தில் சேர்ந்த பிறகு, எண்களை ஒலியாக மாற்றும் டிஏசி என்ற பகுதி தன் சொந்தக் கடிகாரத்தின் தாளத்தில் அவற்றை எடுத்துக்கொள்கிறது. கேபிளுக்கு அந்தத் தாளத்தில் பங்கே இல்லை.

மின் இரைச்சல் கேபிள் வழியாக உள்ளே வருமே என்பார்கள். அதைத் தடுக்கத்தான் லேன் துளைக்குள் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், உலோக முனையும் உறையும் கொண்ட கேபிள் இரண்டு கருவிகளின் எர்த்தை இணைத்துவிட்டு, இல்லாத 'உம்ம்' ஓசையைக் கொண்டுவரவும் கூடும்.

சரி, குறுந்தகட்டைவிட நுணுக்கமாகப் பதிந்ததாகச் சொல்லி விற்கும் உயர்தரக் கோப்புகள்? குறுந்தகட்டில் ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வோர் அளவும் 16 பிட். மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு அது போதும். என் வயதில் 12,000-ஐத் தாண்டினால் எனக்கு மௌனம்தான். மேயர், மோரன் என்ற இரு அமெரிக்கர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தர ஒலியையும் அதையே குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கியதையும் மறைத்து வைத்துக் கேட்கச் செய்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டியிருந்தால் 277 வந்திருக்கும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2016-இல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான விடைகள் 52 விழுக்காட்டைச் சற்றே தாண்டின. பயிற்சி பெற்றவர்களுக்கு அது 60 விழுக்காட்டையும் தாண்டியது. வேறுபாடு அறவே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அதைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

நண்பரின் பெட்டியையும் சோதித்தோம். எதிரில் அவருடைய பழைய மடிக்கணினி, ஆறாயிரம் ரூபாய் டிஏசி. முதலில் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து இரண்டின் ஒலியளவையும் சமமாக்கினேன். இதைச் செய்யாத ஒப்பீட்டுக்கு மதிப்பே கிடையாது. அரை டெசிபல் கூடினாலும் காது அதைச் 'சத்தம்' என்று சொல்லாது, 'தெளிவு' என்று சொல்லும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிறகு நண்பரைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். "திருடனை நிறுத்துவதுபோல் நிறுத்துகிறாயே" என்று முனகினார். பத்துக்கு நான்கு சரி.

அந்தப் பெட்டி வீண் என்று சொல்லவில்லை. காற்றாடி இல்லாததால் சத்தமே போடாது, தொலைபேசியிலிருந்து இயக்கலாம், பார்க்கவும் அழகு. அதற்காக வாங்கியிருந்தால் எனக்குப் பேச்சில்லை.

ஆனால் அவருடைய ஸ்பீக்கர்கள் இரண்டும் மூலையோடு மூலையாக ஒட்டிக் கிடந்தன. மூலை தாழ்ந்த ஓசையைப் பெருக்கும். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஓசை தரும் பக்கம், அறை முழுதும் குழம்பிக்கொண்டிருந்தது. அழுத்தமான ஒவ்வோர் அடிக்கும் இரும்பு அலமாரியின் கதவு வேறு கூடச் சேர்ந்து அதிர்ந்தது. இருவருமாக ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னால் இழுத்தோம். அலமாரிக் கதவிடுக்கில் பழைய செய்தித்தாளை மடித்துச் செருகினேன். அதே பாட்டை மறுபடி போட்டார்.

பாதியில், இந்த முறை மறைக்காமலேயே, நண்பர் தாமாகக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த 18,000 ரூபாய்க் கேபிள் அப்போதும் மேசைமேல் சுருண்டு கிடந்தது. பெட்டி வைஃபையில் ஓடிக்கொண்டிருந்தது.