அந்தச் சாக்பீஸ் யார் கொடுத்தது?

நடுவர் அவர்களுக்கும், அவையில் நிறைந்திருக்கும் பெற்றோருக்கும், மேடையின் இரு பக்கமும் அமர்ந்திருக்கும் என் கல்லூரித் தோழர்களுக்கும் வணக்கம். கல்லூரியில் ஒரு மாணவர் பெறும் பெரும்பேறு கற்பித்தலா, வேலைவாய்ப்பா, வளாக வாழ்வா என்பது இன்றைய கேள்வி. கற்பித்தலே என்னும் அணியின் நிறைவுப் பேச்சாளராக வந்திருக்கிறேன். 1939 முதல் கம்பன் கழகத்தின் மேடைப் பேச்சைக் கேட்டுப் பழகிய காரைக்குடி அவைக்கு நீண்ட முகவுரை தேவையில்லை என்பதால் நேராகச் செய்திக்கு வந்துவிடுகிறேன்.

எனக்குமுன் பேசிய வேலைவாய்ப்பு அணியின் தலைவர் ஒன்று சொன்னார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். "நம் கல்லூரி வகுப்பறை செட்டிநாட்டு வீட்டுத் திண்ணை மாதிரி. காற்று வரும், உட்காரலாம், சாயலாம், மதியத்துக்குமேல் தூங்கவும் செய்யலாம். ஆனால் வீட்டுக்குள்ளே போகிற கதவைத் திறந்துவிட்டது பிளேஸ்மெண்ட் அலுவலகம்தான்" என்றார். அவர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர், நல்ல நண்பர். ஆனாலும் இந்த மண்ணில் நின்றுகொண்டு திண்ணையை அப்படிச் சொல்லிவிட்டுப் போக அவரை நான் விடமாட்டேன்.

நடுவர் அவர்களே, இந்தப் பக்கத்துத் திண்ணையில் என்ன நடந்தது என்பது இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். அங்கேதான் பள்ளிக்கூடம் நடந்தது. மணலில் எழுத்து எழுதிய பிள்ளைக்கு அடுத்ததாக எண்சுவடி வந்தது. ஒன்று, இரண்டு என்று மேலே ஏறும் எண்கள் மட்டும் அதில் இல்லை. ஒன்றுக்குக் கீழே இறங்கும் எண்களும் இருந்தன. கால், அரைக்கால், மா, காணி, முந்திரி என்று வரிசையாக மனப்பாடம். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. தாளும் கோலும் இல்லாமல் வட்டியை வாயாலேயே கணக்கிடும் திறமை அந்தப் பிள்ளைக்கு அங்கே வந்தது. அதற்குப் பிறகுதான் கப்பல். இரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்ய, போன பையன் பெட்டகத்தில் வேட்டி சட்டை கொண்டுபோனான். தலைக்குள் அந்தத் திண்ணையைக் கொண்டுபோனான்.

அங்கே போனவுடன் அவனை யாராவது நாற்காலியில் உட்காரவைத்தார்களா? பெட்டியடிப் பையனாகப் பெரியவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேரேடு எழுதக் கற்றான். கையெழுத்து திருத்தப்பட்டது, கூட்டல் சரிபார்க்கப்பட்டது, வரவுசெலவைச் சரிக்கட்டிக் காட்டும் ஐந்தொகை எடுக்கும் முறை சொல்லித்தரப்பட்டது. பெட்டியடிப் பையன் அடுத்தாள் ஆனான்; அடுத்தாள் பிறகு மேலாள் ஆனான். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியில் இருந்தவர் ஆசிரியராக இருந்தார். வேலை கிடைத்த பிறகும் கற்பித்தல் தொடர்ந்ததால்தான் அந்த வேலை நிலைத்தது. அந்தக் கடல்கடந்த வணிகத்தில் வந்த பணத்தில் கட்டப்பட்ட வீடுகளைத்தான் இன்று உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் கானாடுகாத்தானுக்கு வந்து படமெடுத்துப் போகிறார்கள். என் நண்பர் சொன்ன வீட்டுக்குள்ளே போகிற கதவு இருக்கிறதே, அந்தத் தேக்குக் கதவுக்குக் காசு கொடுத்ததே திண்ணையில் சொல்லித்தரப்பட்ட கணக்குதான் ஐயா!

அடுத்து அவர் பேனரைக் காட்டினார். கல்லூரி வாசலில் ஆண்டுதோறும் கட்டப்படும் அந்தப் பெரிய பேனரில் வேலை கிடைத்த மாணவர்களின் படமும் நிறுவனத்தின் பெயரும் ஆண்டுச் சம்பளமும் இருக்கும். "அந்த முகங்களே கல்லூரியின் பெருமை" என்றார். எங்கள் ஆண்டுப் பேனரில் மேல்வரிசையில் மூன்றாவதாக இருந்த முகத்தை எனக்குத் தெரியும். விடுதியில் என் அறைத்தோழி அவள். அவளுக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்பதை இந்த அவைக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

கல்லல் பக்கத்துக் கிராமத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். மின்னியல் துறை. வளாக நேர்காணலுக்கு வந்த நிறுவனத்தின் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். குழு விவாதத்தில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்ட, இவள் இரண்டே வாக்கியம் பேசினாள். அந்த இரண்டும் சரியாக இருந்ததாலோ என்னவோ அடுத்த கட்டத்துக்கு அனுப்பினார்கள். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "டிரான்ஸ்ஃபார்மரை பேட்டரியில் இணைத்தால் என்ன ஆகும்?" அவளுக்குப் பதில் தெரியும். வாயைத் திறந்தால் ஆங்கிலம் வரவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். அவள் எழுந்து நின்றாள். நேர்காணலில் இருக்கையை விட்டு எழுந்தால் போகிறாள் என்றுதானே பொருள்? அவர்களும் அப்படித்தான் நினைத்து அடுத்தவரின் கோப்பை எடுத்துவிட்டார்கள். அவள் கேட்டாள்: "சார், ஒரு சாக்பீஸ் கிடைக்குமா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த அறையில் கரும்பலகை இருந்தது. ஏன் இருந்தது? வளாக நேர்காணலுக்கென்று கல்லூரி ஒதுக்கித் தந்த அந்த அறை, மற்ற நாட்களில் மூன்றாம் ஆண்டு வகுப்பறை! பலகைக்குக் கீழே பாதி உடைந்த சாக்பீஸ் ஒன்று கிடந்தது. அதை எடுத்தாள். இரும்பு உள்ளகத்தை வரைந்தாள். இரண்டு பக்கமும் சுருள்களை வரைந்தாள். சாக்பீஸ் கையில் வந்ததும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. மாறும் மின்னோட்டம் முதற்சுருளில் பாய்ந்தால்தான் காந்தப்பாயம், அதாவது சுருளுக்குள் ஊடுருவும் காந்தப்புலத்தின் அளவு, மாறும் என்றாள். பாயம் மாறினால்தான் இரண்டாம் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும், இது 1831-ல் ஃபாரடே கண்டது என்றாள். பேட்டரியின் மின்னோட்டம் மாறாமல் நிற்பதால் மறுபக்கம் ஒன்றும் வராது. அதைவிட மோசமாக, முதற்சுருளில் எதிர்த்து நிற்கும் மின்னழுத்தமும் எழாததால் கம்பியின் சிறிய மின்தடை மட்டுமே மிச்சமாகி, மின்னோட்டம் கட்டுமீறிச் சுருள் எரிந்துபோகும் என்றாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஓரத்தில் இருந்தவர் நிறுத்தச் சொல்லப் போனார். நடுவில் இருந்தவர் கையமர்த்தி, "சொல்லட்டும்" என்றார்.

இந்தக் கதையை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் எல்லோரும் அவளுடைய துணிச்சலைப் பாராட்டுவார்கள். எனக்கு அந்தப் பாராட்டு போதவில்லை. சாக்பீஸ் கேட்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றியது? நாம் அங்கேயிருந்து திரும்பி நடப்போம்.

எங்கள் மின்பொறிகள் பாடத்துக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தில் அவர் பாடம் நடத்தமாட்டார். ஒரு மாணவரை அழைத்துச் சாக்பீஸைக் கையில் கொடுத்துவிட்டு, அந்த மாணவரின் இடத்தில் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அந்த வாரம் படித்ததை அந்த மாணவர் எங்களுக்கும் அவருக்கும் சேர்த்து நடத்த வேண்டும். முதலில் தமிழில் சொல். புரிந்துவிட்டது என்று உனக்கே தெரிந்த பிறகு ஆங்கிலத்தில் சொல் என்பது அவருடைய விதி. என் தோழியின் முறை முதன்முதலில் வந்த நாளில் அவள் பலகையைப் பார்த்தபடி நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். யாரோ பின்னால் சிரித்தார்கள். பேராசிரியர் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று, அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "முதல் கோட்டை நான் போட்டுட்டேன். மிச்சத்தை நீ போடும்மா" என்றார். மணி அடித்தும் அவர் வெளியே போகவில்லை, எங்களையும் விடவில்லை. அவள் படத்தை முடித்தாள். அன்றைக்குச் சொல்லத் தெரியாமல் அவள் போட்ட படம் என்ன தெரியுமா? ஓர் இரும்பு உள்ளகம். இரண்டு பக்கமும் சுருள்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்த நேர்காணல் அறையில் அவள் கேட்ட சாக்பீஸ் யார் கொடுத்தது?

வேலைவாய்ப்பு அணி கணக்கு கேட்கும். தருகிறேன். வளாகத்துக்கு வரும் நிறுவனங்களில் பல, விண்ணப்பத்திலேயே 60 விழுக்காடு மதிப்பெண்ணும் அரியர் இல்லாத நிலையும் கேட்கின்றன. அந்த வாசலைத் தாண்டாதவருக்கு பிளேஸ்மெண்ட் அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உதவ முடியாது, தாண்டவைப்பது வகுப்பு. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசைப் பட்டியலில் பொறியியல் கல்லூரிகளுக்குக் கற்பித்தலுக்கும் அதற்கான வளங்களுக்குமாக நூற்றுக்கு 30 வைத்திருக்கிறார்கள். வேலைவாய்ப்பு, தேர்ச்சி, ஊதியம் எல்லாவற்றையும் சேர்த்த பட்டதாரி விளைவுகளுக்கு 20.

வளாக வாழ்வு அணியோடு எனக்குச் சண்டை இல்லை. தேவகோட்டையிலிருந்தும் புதுவயலிலிருந்தும் கல்லூரிப் பேருந்தில் பாடிக்கொண்டு வந்தவர்களும், கொப்புடையம்மன் கோயில் திருவிழாவுக்கு விடுதி வார்டனிடம் கெஞ்சி அனுமதி வாங்கியவர்களும் நாங்கள்தான். ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவில் விடுதி வராந்தாவில் ஒருத்தி சொல்ல நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தோமே, அதற்கு என்ன பெயர்? அதையும் என் அணியின் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

இந்த ஊருக்குக் கல்லூரி வந்த கதையும் அதையே சொல்கிறது. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், நாடு விடுதலை பெற்ற 1947-லேயே காரைக்குடியில் கல்லூரி திறந்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953-ல் அதைத் திறந்துவைத்த இராதாகிருஷ்ணன், தத்துவப் பேராசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். ஐம்பது வயதைக் காணாமலே 1957-ல் அழகப்பர் மறைந்துவிட்டார். சிறுவயதில் கப்பலேறிய பிள்ளைகளின் ஊரில், இனி பிள்ளைகள் இங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும் என்று ஒரு மனிதர் தன் செல்வத்தை அள்ளிக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நடுவர் அவர்களே, என் தோழியின் தந்தையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் தொழிலாளி அவர். கண்ணாடிமேல் வண்ணச் சாந்து ஊற்றி ஊற்றிக் கையெல்லாம் நிறமேறியிருக்கும். மகளுக்குப் பணி ஆணை கிடைத்த செய்தி கேட்டுக் கல்லூரிக்கு வந்தார். எங்கள் பிளேஸ்மெண்ட் அதிகாரி அன்பானவர். அவரைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பேனரைக் காட்டினார், மகளின் படத்தைக் காட்டினார், சம்பளத்தையும் படித்துக் காட்டினார். அவர் எல்லாவற்றையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எங்க புள்ளைக்குச் சொல்லிக்குடுத்த வாத்தியாரு எங்கன இருக்காக?" பேராசிரியர் அப்போது வேறொரு வகுப்பில் இருந்தார். அழைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம்யா, பாடம் நடத்திக்கிட்டு இருக்காக" என்று சொல்லித் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மணி நேரம் முழுவதும் வராந்தாவில் நின்றார். உள்ளே அவர் பேசியது இவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் சன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே நின்றார். பேராசிரியர் வெளியே வந்ததும் அந்த வண்ணக் கைகளால் அவருடைய சுண்ணாம்புக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் தோழி அழுதாள். நானும் அழுதேன்.

அந்தப் பேராசிரியர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடத்துக்கு இன்னும் நிரந்தரமாக யாரையும் போடவில்லை. மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் விருந்தினர் விரிவுரையாளர்கள் மாறி மாறி வந்துபோகிறார்கள். அவர்களும் நன்றாக நடத்துகிறவர்கள்தாம். ஆனால் அடுத்த பருவத்தில் இருப்போமா என்று தெரியாத ஒருவர், முதலாமாண்டில் வாயடைத்து நின்ற பெண்ணை இறுதியாண்டு வரைக்கும் எப்படிக் கவனித்திருக்க முடியும்? முன்னாள் மாணவர் நிதியில் வேலைவாய்ப்புக்கென்று தனிக் குளிர்சாதனக் கூடம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. கட்டுங்கள், நானும் பணம் தருகிறேன். ஆனால் இன்று நீங்கள் எங்களுக்கு வெற்றி தந்தாலும் தராவிட்டாலும், உங்கள் தீர்ப்பில் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்: அந்த ஆசிரியர் பணியிடத்தை முதலில் நிரப்புங்கள் என்று. கல்லூரிச் செயலர் இரண்டாம் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

நன்றி, வணக்கம்.