சிந்திய கதிர் யாருடையது?

வணக்கம் நேயர்களே. மேற்கத்திய வரலாற்றின் முக்கியமான கருத்து ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது தனிச்சொத்து. இதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். ஆனால் எனக்கு இந்தக் கருத்து முழுசாகப் புரிந்தது ஒரு சின்ன வழக்கைப் படித்தபோதுதான். அதனால் உங்களையும் அந்த வழக்கு நடந்த வயலுக்கே கூட்டிப்போகிறேன்.

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் சஃபோக் என்று ஒரு பகுதி. அங்கே டிம்வொர்த் என்ற சிற்றூர். 1787ஆம் ஆண்டு அறுவடை முடிந்த சமயம், மேரி ஹோட்டன் என்ற பெண் ஜேம்ஸ் ஸ்டீல் என்பவருடைய வயலில் இறங்கிக் கதிர் பொறுக்கினார். ஸ்டீல், தன் நிலத்தில் அத்துமீறி நுழைந்துவிட்டார் என்று வழக்குப் போட்டார். கல்யாணமான பெண் மேல் தனியாக வழக்குப் போட அன்றைய சட்டத்தில் இடமில்லை. அதனால் புருஷனையும் சேர்த்துத்தான் போட வேண்டும். சட்டப் புத்தகங்களில் அந்த வழக்குக்குப் பெயர் 'ஸ்டீல் எதிர் ஹோட்டனும் மனைவியும்'. வயலில் குனிந்தவர் மேரி. வழக்கின் தலைப்பில் அவர் பெயர் இல்லை.

கதிர் பொறுக்குவது என்றால் என்ன என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். அந்த ஊர்களில் அரிவாளால் அறுத்து, கட்டாகக் கட்டி, வண்டியில் ஏற்றிப் போவார்கள். எவ்வளவு கவனமாக அறுத்தாலும் கதிர் சிந்தும். வண்டி போன பிறகு பெண்களும் குழந்தைகளும் வயலில் இறங்குவார்கள். ஆனால் இஷ்டப்படி இறங்கிவிட முடியாது. வயலில் ஒரே ஒரு கட்டு மட்டும் எடுக்காமல் நின்றிருந்தால், இன்னும் வேலை முடியவில்லை, யாரும் உள்ளே வராதீர்கள் என்று அர்த்தம். அந்தக் காவல் கட்டை எடுத்த பிறகுதான் வழி திறக்கும். பல ஊர்களில் காலையில் தேவாலய மணி அடிப்பார்கள். அதற்கு முன்னால் யாரும் தொடக் கூடாது. சாயங்காலம் இன்னொரு மணி, அதோடு எல்லாரும் கரையேற வேண்டும். கைக்குழந்தைக்காரிக்கும் வயசானவளுக்கும் ஓடிப்போய் முதலில் அள்ள முடியாது இல்லையா, அவர்களுக்கும் பங்கு கிடைக்கத்தான் இந்த மணி. சில ஊர்களில் பெண்கள் தங்களுக்குள் ஒருத்தியை ராணி என்று தேர்ந்தெடுத்து, அவள் சொல்கிறபடி நடந்தார்கள். காவல் கட்டும் மணியும் ராணியும் இருந்த அந்த வயலில் நடந்ததைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பொறுக்கிய கோதுமையை வீட்டில் அடித்து, மாவாக அரைத்து, குளிர்காலத்து ரொட்டிக்கு வைத்துக்கொள்வார்கள். சில இடங்களில் ஒரு கூலிக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இது வந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி பெண்கள் சம்பாதித்தது.

இந்த வழக்கத்துக்கு வேர் பைபிளில் இருக்கிறது. வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் சொல்கிறது. ரூத் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விதவையான ரூத் போவாஸின் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். அவளுக்காக வேண்டுமென்றே கொஞ்சம் கதிரைச் சிந்திவிடுங்கள் என்று போவாஸ் தன் ஆட்களிடம் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவாலயத்துக்குப் போன சஃபோக் ஜனங்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, சட்டம் என்ன சொல்லியது? இங்கேதான் எனக்கு வியப்பு. அந்தக் காலத்தில் ஆங்கிலச் சட்டத்தை நான்கு தொகுதிகளில் விளக்கி எழுதியவர் வில்லியம் பிளாக்ஸ்டோன். 1766இல் வந்த இரண்டாம் தொகுதியில், சொத்து என்பது உலகத்தில் வேறு எவருக்கும் இடம்கொடாமல் ஒருவன் ஒரு பொருள் மேல் செலுத்துகிற தனி ஆதிக்கம் என்று எழுதினார். 1768இல் வந்த மூன்றாம் தொகுதியில் அதே பிளாக்ஸ்டோன், அறுவடைக்குப் பிறகு ஏழைகள் பிறர் நிலத்தில் போய்க் கதிர் பொறுக்கலாம், அது அத்துமீறல் ஆகாது என்கிறார். இரண்டையும் ஒரே கை எழுதியது. அவர் தடுமாறினார் என்று நான் நினைக்கவில்லை. பழைய சொத்தும் புதிய சொத்தும் அவர் காலத்தில் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன, அவ்வளவுதான்.

பழைய சொத்து எப்படி என்றால், நிலம் ஒருவருடையதாக இருக்கும். ஆனால் அதே நிலத்தில் பலருக்குப் பல உரிமைகள் இருக்கும். அறுவடை வரை பயிர் இவருக்கு. பிறகு தாள் மேய்வதற்கு ஊர் மாடுகள் வரும். காட்டில் காய்ந்த விறகு எடுக்க ஒருத்திக்கு உரிமை, சதுப்பில் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்ட இன்னொருவருக்கு உரிமை. 1217இல் இங்கிலாந்து அரசர் காடுகளுக்காகப் போட்ட வன சாசனமே இப்படிப்பட்ட உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் நாடாளுமன்றம் சட்டத்துக்கு மேல் சட்டமாகப் போட்டுப் பொதுநிலங்களுக்கு வேலி கட்ட அனுமதித்தது. வேலி என்று வந்தபோது, நிலத்தோடு சேர்ந்து அதன் மேலிருந்த இந்தச் சின்னச் சின்ன உரிமைகளும் போயின.

1788இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் நால்வர். மூவர் ஸ்டீல் பக்கம் நின்றார்கள். கோல்ட் என்ற நீதிபதி ஒருவர்தான் மாறுபட்டார். கதிர் பொறுக்க யாருக்கும் பொதுச் சட்டத்தில், அதாவது வழக்கங்களும் பழைய தீர்ப்புகளும் சேர்ந்து உருவான சட்டத்தில், உரிமை கிடையாது என்பது முடிவு. தலைமை நீதிபதி லவ்பரோ பிரபு, தனியாக அனுபவிப்பதுதான் சொத்தின் இயல்பு என்ற வழியில் வாதித்தார். மோசேயின் சட்டம், அதாவது லேவியராகமம் சொல்வது, யூதர்களின் அரசியல் ஏற்பாடு, அது நம்மைக் கட்டுப்படுத்தாது என்றார். ஏழைகளுக்கு உதவுவது மதக் கடமைதானே தவிர, சட்டக் கடமை அல்ல என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். மேரி கேட்டது தருமம் இல்லை. வழிவழியாக வந்த பங்கு. நீதிமன்றம் அந்தப் பங்கைத் தருமம் என்ற கணக்கில் எழுதிவிட்டது. தருமம் என்றால் கொடுப்பவர் மனசு, கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. வாங்குகிறவர் கைகட்டி நிற்க வேண்டும். தமிழில் 'நிலம் எனக்கு உரியது' என்போம், 'கேட்க எனக்கு உரிமை உண்டு' என்றும் சொல்வோம். ஒரே வேர். இரண்டும் ஒன்றாக இருந்த காலம் ஒன்று இருந்தது. 1788 அவை பிரிந்த ஆண்டுகளில் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் இன்னொன்று. டிம்வொர்த்துக்குப் பக்கத்திலேயே கல்ஃபோர்ட் என்ற ஊர். அங்கே மாளிகையும் தோட்டமும் வைத்திருந்த பிரபுவின் பெயர் காரன்வாலிஸ். இந்த வழக்கு நடக்கும்போது அவர் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1793இல் வங்காளத்தில் ஜமீன்தார்களை நிலத்துக்கு உடைமையாளர்கள் ஆக்கிய நிரந்தர நிலவரித் திட்டம் அவர் கொண்டுவந்தது. அந்த ஏற்பாடு 1802இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. டிம்வொர்த் தீர்ப்புக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு நிலம் என்றால் அதற்கு ஒரே ஒரு முதலாளிதான் என்ற எண்ணம் சஃபோக் வயலோடு நிற்கவில்லை, கப்பல் ஏறியது என்று சொல்லலாம்.

பிரான்சில் கதை வேறு மாதிரி. 1554இல் இரண்டாம் ஹென்றி மன்னரின் ஆணை முதியவர்களும் ஊனமுற்றவர்களும் குழந்தைகளும் கதிர் பொறுக்க அனுமதித்தது. 1857இல் மிலே என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த ஓவியத்தில் மூன்று பெண்கள் வயலில் குனிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குப் பின்னால் தூரத்தில், மலை போல் கதிர்ப்போர்கள் குவிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்களின் கையிலிருக்கிற கதிரைப் பாருங்கள். ஒரு பிடிதான் இருக்கும்.

டிம்வொர்த்துக்குத் திரும்பிவிடுகிறேன். தீர்ப்புக்குப் பிறகு ஊர்கள் என்ன செய்தன தெரியுமா? பல ஊர்களில் வழக்கம் போலப் பெண்கள் போனார்கள். பல விவசாயிகள் தடுக்கவில்லை. தடுத்த இடங்களில் பெண்கள் கூட்டமாக நின்று சண்டை போட்டார்கள். அடுத்த நூறு ஆண்டுகள் வரைகூடக் கிழக்கு இங்கிலாந்தின் ஊர்களில் அறுவடை மாதம் வந்தால் காலையில் அந்த மணி அடித்தது. பிறகு அறுவடை இயந்திரமும் குதிரை இழுக்கிற வாரியும் வந்து தரையை வழித்து எடுத்தன. பொறுக்கக் கதிர் குறைந்த பிறகுதான் ஊர் ஊராக மணி நின்றது. நன்றி, வணக்கம்.