2000-ஆ, 2-ஆ? மூளை ஸ்கேன் தரநிலையின் ஆவணம் தயாராகும் விதம்

(திரையில்: எம்ஆர்ஐ ஸ்கேன் கோப்புகள் உள்ள ஒரு ஃபோல்டர்)

வணக்கம். செயல்பாட்டு எம்ஆர்ஐ-யில் மூளை முழுவதையும் ஒரு தடவை படம் பிடிக்கத் தொடங்கி, அடுத்த தடவை தொடங்கும் வரை ஆகும் நேரத்துக்கு ரிப்பிட்டிஷன் டைம் என்று பெயர். ஸ்கேனர் தரும் டைகாம் கோப்பில் இது, எடுத்துக்காட்டாக, 2000 என்று இருக்கும். மில்லி விநாடிக் கணக்கு. அதே ஸ்கேனை, மூளைப் படக் கோப்புகளுக்கான பிட்ஸ் (BIDS) தரநிலைப்படி அடுக்கும்போது 2 என்று எழுத வேண்டும், ஏனென்றால் அங்கே விநாடிக் கணக்கு. கவனிக்காமல் 2000 என்றே விட்டுவிட்டால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அரை மணி நேரத்துக்கு மேல் ஆனதாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

'விநாடி' என்ற அந்த ஒரு சொல் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அங்கிருந்து வலைப்பக்கத்துக்கு எப்படி வருகிறது? அதைப் பார்ப்போம்.

(திரையில்: கோப்புப் பெயர் ஒன்று, பகுதி பகுதியாக நிறம் மாறுகிறது)

மூளைப் படக் கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது, கூடவே என்னென்ன விவரங்களைத் தருவது என்று சொல்வதுதான் பிட்ஸ். 2016-இல் இதை விளக்கும் ஆய்வுக் கட்டுரை வெளியானது. தொடக்கத்தில் விதிகள் எல்லாம் ஒரே ஒரு கூகுள் டாக்கில் இருந்தன. 2018-இல் பிட்ஸ் குழுவினர் அவற்றை மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவக் கோப்புகளாக்கி, பலர் சேர்ந்து கோப்புகளைத் திருத்த உதவும் கிட்ஹப் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்புறமும் ஒரு சிக்கல் தீரவில்லை. விதி ஆவணத்தில் ஓரிடத்தில், கோப்புகள் விதிப்படி உள்ளனவா என்று சரிபார்க்கும் மென்பொருளில் வேறோரிடத்தில். ஒன்றைத் திருத்தியவர் மற்றதை மறந்தால், ஆவணம் ஒன்று சொல்லும், சரிபார்ப்பு வேறொன்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் ஆய்வு மாணவர்தான். தரநிலையின் மேல் நம்பிக்கை போவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

(திரையில்: யாமல் கோப்பு, சில வரிகள் மட்டும் பெரிதாக)

அதற்கு பிட்ஸ் குழுவினர் கண்ட வழி, ஸ்கீமா. அதாவது, கணினியும் படிக்கும்படி விதிகளை எழுதிவைத்த கோப்புகள். யாமல் என்ற எளிய வடிவில் உள்ள இந்தக் கோப்பைப் பாருங்கள். ரிப்பிட்டிஷன் டைம் என்று பெயர். கீழே ஆங்கிலத்தில் ஒரு விளக்கம். வகை: எண். பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அலகு: விநாடி. நாம் தேடி வந்த சொல் இங்கேதான் இருக்கிறது.

இந்த விவரம் கட்டாயமா, பரிந்துரையா, விருப்பமா என்பது மட்டும் இங்கே இல்லை, வேறொரு கோப்பில் இருக்கிறது. ஒரே சொல் ஒரு வகை ஸ்கேனுக்குக் கட்டாயமாகவும் இன்னொரு வகைக்கு விருப்பமாகவும் இருக்கலாம் அல்லவா? அதனால்தான் பொருளைத் தனியாகவும் விதியைத் தனியாகவும் வைத்திருக்கிறார்கள். இந்தத் தரநிலையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

(திரையில்: மார்க்டவுன் பக்கத்தில் அட்டவணை இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கட்டளை வரி)

ஆவணம் எழுதுபவர் அட்டவணையைக் கையால் அடிப்பதில்லை. 'இந்த அட்டவணை இங்கே வரட்டும்' என்று ஒரு மேக்ரோவை, அதாவது ஒரு வரிக் கட்டளையை, வைத்துவிடுகிறார். மார்க்டவுன் கோப்புகளை வலைப்பக்கங்களாக்கும் எம்கேடாக்ஸ் என்ற கருவி தளத்தைக் கட்டும்போது, ஒரு பைத்தான் நிரல் ஸ்கீமாவைப் படித்து அட்டவணையை நிரப்பிவிடும். புதிய சரிபார்ப்பு மென்பொருளும் இதே ஸ்கீமாவைத்தான் படிக்கிறது. ஓரிடத்தில் திருத்தினால் போதும், இரண்டும் சேர்ந்து மாறும்.

சரி, திருத்தம் செய்தாயிற்று. அதைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கும் புல் ரிக்வெஸ்டை கிட்ஹப்பில் அனுப்பியதும் எழுத்துப் பிழை, மார்க்டவுன் வடிவம், உடைந்த இணைப்புகள் எல்லாம் தானாகவே சோதிக்கப்படும். ஆவணத் தளங்களை வெளியிடும் ரீட் த டாக்ஸ் சேவை அந்தத் திருத்தத்துக்கென்றே ஒரு முன்னோட்டப் பக்கத்தைக் கட்டித் தரும். அதை அவசியம் திறந்து பாருங்கள். யாமலில் சரியாகத் தெரிந்த வரி, அட்டவணைக்குள் போனதும் உடைந்து நிற்கலாம்.

(திரையில்: தளத்தின் பதிப்புப் பட்டியல்)

வெளியிடுவதிலும் ஒரு கவனம் வேண்டும். 'லேட்டஸ்ட்' என்பது வேலை நடந்துகொண்டிருக்கும் பக்கம், 'ஸ்டேபிள்' என்பது கடைசியாக வெளியான பதிப்பு. தரவை அடுக்க உட்காருபவர் பார்க்க வேண்டியது ஸ்டேபிள். ஒவ்வொரு பதிப்பின் பிடிஎஃப் வடிவமும் செனோடோ என்ற ஆய்வுக் காப்பகத்தில், டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணுடன் சேமிக்கப்படுகிறது.

பழைய பதிப்புகளின் பக்கங்களும் தளத்திலேயே இருக்கின்றன. ஒவ்வொரு பிட்ஸ் தரவுத்தொகுப்பிலும் அது எந்தப் பதிப்பைப் பின்பற்றியது என்று கட்டாயம் எழுதியிருக்கும். அதில் 1.4.0 என்று இருந்தால், தளத்தின் பதிப்புப் பட்டியலில் 1.4.0-ஐத் தேர்ந்தெடுங்கள். அந்த ஸ்கேனை அடுக்கியவர் அன்று படித்த அதே விதி திரையில் வரும்.